புந்தோங்கில் சிறுமுதலீடு: தோட்டத்துப் பத்து வெள்ளியிலிருந்து கைப்பேசிச் செயலி வரை

ஐந்து வெள்ளி இருந்தால் போதும், நீங்களும் முதலீட்டாளர் ஆகலாம் என்று இன்றைய நிதிச் செயலிகள் அழைக்கின்றன. பங்குச் சந்தை என்பது கோலாலம்பூர்ப் பணக்காரர்களின் விவகாரம் என்று ஒதுங்கி நின்ற தலைமுறைக்கு இது புதுப் பேச்சு. புர்சா மலேசியாவில் இன்றும் பங்குகளை நூறு நூறாகத்தான் வாங்க வேண்டும். பத்து வெள்ளி விலையுள்ள ஒரு வங்கிப் பங்கில் ஒரு ‘லாட்’ வாங்கக் கையில் ஆயிரம் வெள்ளி வேண்டும். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமோ 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளி ஆனது. வாடகையும் பள்ளிச் செலவும் மோட்டார் சைக்கிள் தவணையும் போக, அந்தச் சம்பளத்தில் ஒரு லாட்டுக்கு இடமில்லை. அந்த இடைவெளியைக் குறிவைத்துத்தான் சிறுமுதலீட்டு நிறுவனங்கள் வந்தன. அவற்றின் அழைப்பு புந்தோங் போன்ற ஓர் ஊருக்கு எவ்வளவு பொருந்தும்?

ஈப்போவை ஒட்டிய புந்தோங், நாட்டில் இந்திய வாக்காளர்கள் மிக அடர்த்தியாக உள்ள சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்று. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே வளர்த்த கச்சாங் பூத்தே என்ற நொறுக்குத் தீனித் தொழிலால் ஊர்ப் பெயர் மலேசியா முழுவதும் தெரியும். ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது லயத்தை விட்டு வெளியேறிய பலரும் இப்படிப்பட்ட நகரோரக் குடியிருப்புகளில்தான் வந்து சேர்ந்தார்கள். லோரி ஓட்டுநர், தொழிற்சாலைத் தொழிலாளி, பாதுகாவலர், உணவு கொண்டுசெல்லும் இளைஞர், முறுக்கு சுட்டு விற்கும் அம்மா என்று இங்கே தொழில்கள் பலவகை. இவர்களில் பலருக்கு வருமானம் மாதாமாதம் ஒரே அளவாக வருவதில்லை. தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் முன்னால் சரக்கு பறக்கும். அடுத்த மாதம் அடுப்பு பாதி நாள் எரிந்தால் பெரிது. சேமிப்பைப் பற்றி யார் பேசினாலும் இந்த ஏற்ற இறக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சேமிக்கத் தெரியாத சமூகம் என்று நம்மைப் பற்றிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது உண்மையல்ல. தோட்டத்துப் பெண்கள் சம்பள நாளில் கூட்டுப் போட்டார்கள். பத்துப் பேர் மாதம் ஐம்பது போட்டு ஒருவர் ஐந்நூறை எடுப்பதும், அந்தப் பணத்தில் மகளுக்குத் தோடு வாங்குவதும், பள்ளி திறக்கும் ஜனவரியில் தோடு அடகுக்கடைக்குப் போய் ஏப்ரலில் திரும்பி வருவதும் அவர்கள் வகுத்துக்கொண்ட நிதி நிர்வாகம். கூட்டு நடத்துபவர் பணத்தோடு காணாமல் போனால் கேட்க நாதியில்லை என்பதுதான் அதன் குறை. இதைத் தொழிலாக நடத்துவதைத் தடுக்க 1971-லேயே கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்தது. இருந்தும் பழக்கம் நிற்கவில்லை. கட்டாயமும் அக்கம்பக்கத்து வெட்கமும் சேர்ந்து ஒருவரை மாதாமாதம் காசு எடுத்துவைக்கச் செய்கின்றன. அந்த வேலையை வங்கிப் புத்தகம் ஒருநாளும் செய்ததில்லை.

சிறுதொகை முதலீட்டை நிறுவனமாக மாற்றிய முதல் பெரிய முயற்சி பேராக்கோடு நெருங்கிய தொடர்புடையது. 1950-களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டான தோட்டத்தில் தொழிலாளிக்கு வேலையும் இல்லை, லயத்து வீடும் இல்லை, பிள்ளைகளுக்குப் பள்ளியும் இல்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்து அமைச்சரவையில் இருந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. அதை மாதம் பத்துப் பத்தாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய், நீ வேலை செய்யும் மண்ணை நீயே வாங்கு என்று அவர் பேசினார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது.

நாள் கூலியில் வாழ்ந்தவர்களுக்குப் பத்து வெள்ளி சிறிய தொகை அல்ல. ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் கட்டினார்கள். அதற்கான காரணங்களை இன்றைய நிறுவனங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது என் கருத்து. எதை வாங்குகிறோம் என்பது கட்டியவருக்குத் தெரிந்தது. அது கண்ணெதிரே நின்ற மரம். கேட்ட மொழி அவர் மொழி. ஆபத்தும் அவருடையது: காசு கட்டாவிட்டால் வீடு போகும் என்ற நிலை. குறைகளும் உண்டு. பங்குதாரர் ஆன பின்பும் விடியற்காலையில் வாளி தூக்கியவர் அவரேதான். தன் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்கும் பயிற்சி அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் சங்கம் இன்றும் இருக்கிறது, நிலமும் இருக்கிறது. ஏழைகள் சேர்த்த காசில் கட்டிய ஓர் அமைப்பு அறுபது ஆண்டுகளைத் தாண்டி நிற்பதை நான் சாதாரணமாக எண்ணவில்லை.

அடுத்த முயற்சி ஆறாத காயமாக முடிந்தது. 1970-ல் நாட்டின் நிறுவனப் பங்குடைமையில் இந்தியர் கையில் இருந்தது ஏறத்தாழ 1 விழுக்காடு. அதை உயர்த்துவோம் என்று 1982-ல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சி மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. முன்னின்றவர் கட்சித் தலைவர் சாமிவேலு. ஏறத்தாழ 66,000 பேர் பங்கு வாங்கினார்கள். சேர்ந்த தொகை பத்துக் கோடி வெள்ளிக்கு மேல். நகையை அடகு வைத்தும் கையிருப்பைத் துடைத்தெடுத்தும் பணம் கட்டிய குடும்பங்கள் பேராக்கிலும் உண்டு. 1990-ல் தெலிகோம் பங்கு வெளியீட்டில் இந்தியருக்கென ஒதுக்கப்பட்ட ஒரு கோடிப் பங்குகளில் பத்து லட்சம் மட்டுமே மைக்காவுக்கு வந்தது. மற்ற தொண்ணூறு லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது தெரிந்தபோது சமூகமே கொதித்தது. விசாரணை நடந்தது, யார் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. நெடுங்காலம் சரியான ஈவு இல்லாமல், பங்கை விற்க ஒரு சந்தையும் இல்லாமல் மக்கள் காத்திருந்தார்கள். கடைசியில் 2010-ல் ஜி டீம் நிறுவனம் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 சென் தர முன்வந்தது.

அந்த ஒரு வெள்ளி ஆண்டுக்கு 5 விழுக்காடு மட்டும் வளரும் இடத்தில் கிடந்திருந்தால், அத்தனை ஆண்டுகளில் மூன்றரை வெள்ளியைத் தாண்டியிருக்கும். 1980-களின் நடுவில் ஊழியர் சேமநிதி வாரியம் தந்த ஈவே 8.5 விழுக்காடு. ஆனால் பணத்தை விடப் பெரிதாகத் தொலைந்தது நம்பிக்கை. முதலீடு என்ற சொல்லைக் கேட்டதும் மூத்தவர்கள் மைக்காவைச் சொல்லி வாயை மூடுவது இன்றும் நடக்கிறது. அவர்களைப் படிக்காதவர்கள் என்று சொல்லும் இளைஞர்கள், அந்தப் பயம் ஒரு பாடத்திலிருந்து வந்தது என்பதை உணர வேண்டும். பங்கை எப்போது, யாரிடம், என்ன விலைக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற கேள்விக்கு மைக்காவிடம் பதிலே இல்லை. புதிதாக எந்த நிறுவனம் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் தந்தவை அரசு சார்ந்த அமானா சஹாம் முதலீட்டு நிதிகள். மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்கான அமானா சஹாம் பூமிபுத்ரா 1990-ல் வந்தது. எல்லா மலேசியருக்கும் திறந்த அமானா சஹாம் வாவாசான் 2020 1996-லும், அமானா சஹாம் மலேசியா 2000-லும் வந்தன. யூனிட் விலை எப்போதும் ஒரு வெள்ளி. எந்த நாளும் அதே ஒரு வெள்ளிக்குத் திருப்பித் தரலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. தொடக்கநிலை முதலீட்டாளருக்கு இதைவிட எளிமையான பொருள் இந்த நாட்டில் இல்லை என்றே சொல்வேன். 2009-ல் வந்த அமானா சஹாம் 1மலேசியாவில் 15 விழுக்காடு இந்தியருக்கென ஒதுக்கப்பட்டது. சீனர் ஒதுக்கீடு விரைவில் தீர்ந்தது. நம் ஒதுக்கீடு மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆர்வக் குறைவு என்று அப்போது பேசினார்கள். கையில் காசு இல்லாதவரிடம் ஆர்வத்தை அளப்பது நியாயமா? 2018-ல், குறைந்த வருமான இந்தியக் குடும்பங்கள் ஐயாயிரம் வெள்ளி வரை கடன் வாங்கி யூனிட் சேர்க்க ஒரு திட்டம் வந்தபோதுதான் அரசே இந்த உண்மையை ஒப்புக்கொண்டது. இன்று நிலைமை தலைகீழ்: நிலைவிலை யூனிட்டுகள் பூமிபுத்ரா அல்லாதவருக்கு எளிதில் கிடைப்பதில்லை. யாராவது விற்றால்தான் உண்டு. எந்தத் தொகைக்காவது யூனிட் கிடைக்குமா என்று செயலியில் மாற்றி மாற்றி அழுத்திப் பார்ப்பவர்கள் ஏராளம்.

இந்தப் பின்னணியில்தான் தொழில்நுட்ப நிறுவனங்கள் வந்தன. மின்வழி முதலீட்டு நிர்வாகத்துக்கான விதிகளை மலேசியப் பங்குப் பத்திர ஆணையம் 2017-ல் வெளியிட்டது. 2018-ல் ஸ்டாஷ்அவே முதல் உரிமத்தைப் பெற்றது. ஷரியா முறையில் இயங்கும் வாஹேட் அதன் பின் வந்தது. 2020-ல், அமானா சஹாமின் தாய் நிறுவனமான பெர்மோடாலான் நாசியோனல் பெர்ஹாட்டின் துணை நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் ரேய்ஸும் கைகோத்து ரேய்ஸ் மலேசியாவைத் தொடங்கின. 2021-ல் டச் அண்ட் கோ மின்பணப்பை, பத்து வெள்ளியில் சேரக்கூடிய ‘கோ பிளஸ்’ வசதியைச் சேர்த்தது. 2022-ல் கெனாங்கா நிறுவனத்தின் கே.டி.ஐ. செயலி வந்தது. ஈமடானி போன்ற அரசு உதவித்தொகைகள் மின்பணப்பை வழியே வந்ததால், வங்கிப் பக்கமே போகாதவர்களின் கைப்பேசியிலும் இந்தச் செயலிகள் ஏறிவிட்டன.

தொடக்கநிலையாளரை நேரடியாகக் குறிவைத்தது ரேய்ஸ் வகை. அமெரிக்காவின் ஏகார்ன்ஸ் நிறுவனம் 2014-ல் சந்தைக்குக் கொண்டுவந்த யோசனை அது. இரண்டு வெள்ளி முப்பது சென்னுக்குத் தே தாரேக் குடித்துக் கணக்கிலிருந்து கட்டினால், செயலி அதை மூன்று வெள்ளியாக முழுமையாக்கி எழுபது சென்னை முதலீட்டுக்கு ஒதுக்கும். ஒரு நாளைக்கு ஐந்து செலவு, சராசரியாக நாற்பது சென் என்று வைத்தால் மாதம் அறுபது வெள்ளி சேரும். முடிவெடுக்கும் சுமையை மனிதரிடமிருந்து எடுத்துவிட்டால் சேமிப்பு கூடும் என்பதைப் பொருளியலர் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டங்களில் காட்டியிருக்கிறார்கள். கூட்டில் அக்கம்பக்கம் செய்த வேலையைச் செயலி செய்கிறது எனலாம். ஆனால் புந்தோங் சந்தையில் பலர் இன்னும் ரொக்கம்தான் கொடுக்கிறார்கள். ரொக்கத்தின் மீதிச் சில்லறையைச் செயலி பார்ப்பதில்லை.

அடுத்தது கட்டணம். இந்த ஆய்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். ரேய்ஸ் மலேசியா தொடக்கத்தில் அறிவித்த கட்டணம், கணக்கில் ஆறாயிரம் வெள்ளிக்குக் கீழே இருந்தால் மாதம் ஒன்றரை வெள்ளி. அதற்கு மேல் ஆண்டுக்கு 0.3 விழுக்காடு. ஒன்றரை வெள்ளி என்றால் அற்பம்தான். ஆண்டுக்குப் பதினெட்டு வெள்ளி. ஆறாயிரம் வெள்ளி வைத்தவருக்கு அது 0.3 விழுக்காடு. ஆண்டு முழுவதும் சேர்த்து இருநூறு வெள்ளி போட்டவருக்கோ அது 9 விழுக்காடு. எந்தச் சந்தை அவருக்கு அந்த ஒன்பதை முதலில் ஈட்டித் தரும்? ஸ்டுவர்ட் ரதர்ஃபோர்ட் என்ற ஆய்வாளர் ஆந்திராவின் விஜயவாடாவில் வீடுவீடாகச் சேமிப்பு வசூலிக்கும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய் வீதம் 220 தவணை வாங்கி, 1,100 ரூபாயில் நூறைத் தன் கூலியாக எடுத்துக்கொண்டு ஆயிரத்தைத் திருப்பித் தருவார் அவர். அதுவும் ஏறக்குறைய 9 விழுக்காடு. ஆக, சில்லறை சேமிக்கும் ஏழை தன் காசைப் பத்திரப்படுத்தக் கூலி கொடுப்பது பழைய நடைமுறை. கைப்பேசி அதை ஒழித்துவிட்டது என்ற விளம்பரத்தை நம்புவதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டும்.

எல்லா நிறுவனமும் இப்படியல்ல. ஸ்டாஷ்அவே மாதக் கட்டணம் வைக்காமல் ஆண்டுக்கு 0.2 முதல் 0.8 விழுக்காடு வரை எடுக்கிறது. சிறுதொகைக்கு மேல் எல்லை, பெருந்தொகைக்குக் கீழ் எல்லை. கே.டி.ஐ. முதலீட்டுக் கணக்கு மூவாயிரம் வெள்ளி வரை கட்டணமே இல்லை என்று வந்தது. விழுக்காட்டுக் கட்டணமும் நீண்ட காலத்தில் கடிக்கும். மாதம் ஐம்பது வெள்ளியை முப்பது ஆண்டு போட்டு, ஆண்டுக்கு 5 விழுக்காடு வளர்ந்தால் கையில் ஏறத்தாழ 41,600 வெள்ளி நிற்கும். கட்டணம் ஒரு விழுக்காட்டைத் தின்று வளர்ச்சி நான்கானால் 34,700 மட்டுமே. இந்த வேறுபாட்டைத் தொடக்கநிலையாளருக்கு எந்தச் செயலியும் முதல் பக்கத்தில் காட்டுவதில்லை.

ஆபத்தைப் பற்றிய புரிதலும் அரைகுறையாக இருக்கிறது. வங்கியில் போட்ட பணத்துக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 2,50,000 வெள்ளி வரை அரசுக் காப்புறுதி உண்டு. செயலி வழியே வாங்கும் யூனிட்டுகளுக்கு அது கிடையாது. ‘கோ பிளஸ்’ போன்றவை குறுகிய காலப் பணச் சந்தை நிதிகள். ஆட்டம் குறைவு, ஆனால் உத்தரவாதம் இல்லை. ரேய்ஸ் வாங்கியது அமானா சஹாம் நிறுவனத்தின் விலை மாறும் நிதிகளை. அமானா சஹாம் என்ற பெயரைப் பார்த்து, எப்போதும் ஒரு வெள்ளி நிற்கும் என்று நினைத்துச் சேர்ந்தவர், முதல் சரிவிலேயே மோசம் போய்விட்டோம் என்று எண்ணுவார். இந்த விளக்கங்கள் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருக்கின்றன. தமிழில் தேடினால் கிடைப்பது அரிது. சம்பந்தன் தோட்டத்தில் நின்று தமிழில் சொன்னதை, கோடிகளை நிர்வகிக்கும் நிறுவனங்கள் ஒரு பக்கம் தமிழில் எழுதித் தர முடியாதா? கைப்பேசியை நன்றாகவே இயக்கும் தாய்மார்களில் பலர் நிபந்தனைப் பக்கத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்கிறார்கள்.

அந்த மொழி வெற்றிடத்தில் மோசடிக்காரர்கள் நன்றாகவே தமிழ் பேசுகிறார்கள். நூறு வெள்ளி போடு, மூன்று மணி நேரத்தில் ஆயிரமாகத் தருகிறேன் என்ற செய்தி டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிறது. உரிமம் பெற்ற நிறுவனத்தின் சின்னத்தையே திருடி ஒட்டியிருப்பார்கள். 2017-ல் பினாங்கில் ஜே.ஜே.பி.டி.ஆர். நாணயத் திட்டம் சரிந்தபோது நாடு முழுவதும் பணம் போனது. பங்குப் பத்திர ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலும், பேங்க் நெகாராவின் பட்டியலும், 2022 முதல் இயங்கும் 997 உதவி எண்ணும் இருக்கின்றன. குறைந்த தொகையில் சேரலாம் என்பது நேர்மையான நிறுவனத்துக்கும் மோசடிக்கும் பொதுவான விளம்பரம். ஆகவே தொகையின் சிறுமையை ஒருபோதும் பாதுகாப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தியாவும் இதே பாதையில்தான் நடக்கிறது. 2025 பிப்ரவரியில் எஸ்.பி.ஐ. மியூச்சுவல் ஃபண்ட் 250 ரூபாய் மாதத் தவணைத் திட்டத்தைத் தொடங்கியது. கட்டுப்பாட்டு அமைப்பான செபி அதை ஊக்குவித்தது. அதே செபி, அவ்வாண்டு நவம்பரில், செயலிகள் விற்கும் டிஜிட்டல் தங்கம் தன் மேற்பார்வைக்குள் வராது என்று எச்சரித்தது. பத்து ரூபாய்க்குத் தங்கம் என்றால் நம் வீட்டுப் பெண்களின் மனம் உடனே சாயும். மலேசியாவிலும் ஒரு வெள்ளிக்குத் தங்கம் விற்ற செயலி 2017-லேயே வந்தது. அவசரத்துக்குக் கழற்றி அடகு வைக்கக் கழுத்தில் கிடக்கும் தங்கத்தைச் செயலித் தங்கத்தோடு ஒன்றாக எண்ணக் கூடாது.

எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கும்போது, புந்தோங்கில் சொந்தத் தொழில் செய்பவரின் முதல் ஐம்பது வெள்ளி போக வேண்டிய இடம் புதிய செயலி அல்ல, ஊழியர் சேமநிதி வாரியம் என்பதே என் முடிவு. சம்பளச் சீட்டு இல்லாதவருக்கும் ஐ-சாரான் திட்டம் உண்டு. அறுபது வயதுக்கு உட்பட்டவர் போடும் தொகைக்கு அரசு 2025 முதல் 20 விழுக்காடு சேர்க்கிறது. ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, வாழ்நாளில் 5,000 வெள்ளி வரை. மாதம் ஐம்பது போட்டால் ஆண்டுக்கு 120 வெள்ளி, சந்தை ஏறினாலும் இறங்கினாலும், உறுதி. 2024-க்கு அறிவித்த ஈவு 6.3 விழுக்காடு. 2.5 விழுக்காட்டுக்குக் குறையாது என்று சட்டமே சொல்கிறது. 2024 மே முதல் போடும் தொகையில் பத்தில் ஒரு பங்கு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கில் சேர்வதால், அவசரத்துக்கு ஒரு சிறு வழியும் இருக்கிறது. இந்தத் திட்டத்துக்கு வண்ண விளம்பரம் குறைவு. முறுக்குக் கடைகளில் இதைப் பற்றிப் பேச ஆளே இல்லை.

அதற்கடுத்து, கிடைக்கும்போதெல்லாம் அமானா சஹாம் நிலைவிலை யூனிட். இரண்டு மூன்று மாதச் செலவுக்கான கையிருப்பைப் பணச் சந்தைக் கணக்கில் வைக்கலாம். இவை அமைந்த பிறகு, ஐந்தாண்டு தொட வேண்டாத பணம் இருந்தால், விழுக்காட்டுக் கட்டணம் வாங்கும் உரிமம் பெற்ற செயலிக்குப் போகலாம். முதல் சம்பளம் வாங்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அந்தச் செயலிகள் நல்ல பள்ளிக்கூடம். ஐம்பது வெள்ளி ஒரு மாதத்தில் நாற்பத்தாறாகி, மறுமாதம் ஐம்பத்திரண்டாவதைப் பார்த்துக் கற்கும் நிதானம் புத்தகத்தில் வராது. மைக்கா காலத்தில் தந்தையருக்கு அந்தப் பயிற்சியும் இல்லை, தினமும் விலையைப் பார்க்கும் வசதியும் இல்லை, வேண்டாம் என்றால் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் இல்லை. இன்று மூன்றும் இருக்கின்றன. அந்த அளவுக்கு இது உண்மையான முன்னேற்றம், அதை மறுப்பது பிழை.

ஆனால் சிறுமுதலீட்டை வறுமைக்கு மருந்தாக விற்பதை நான் ஏற்க மாட்டேன். கோவிட் காலத்தில் சேமநிதியிலிருந்து மக்கள் எடுத்த தொகை 14,500 கோடி வெள்ளி. அரிசிக்கும் வாடகைக்கும் முதுமைப் பணத்தைத் தொட வேண்டி வந்தவர்களிடம் போதாதிருந்தது வருமானம். ஓய்வுக்காலத்துக்கு அடிப்படைத் தேவை என்று வாரியம் முன்பு வைத்திருந்த இலக்கு 55 வயதில் 2,40,000 வெள்ளி. முப்பது ஆண்டு தவறாமல் சேர்த்த ஐம்பது வெள்ளிகள், நல்ல வளர்ச்சியோடு, அதில் ஆறில் ஒரு பங்கைத்தான் எட்டுகின்றன. மீதி ஐந்து பங்கும் சம்பளத்திலிருந்தும், முதலாளி சட்டப்படி கட்ட வேண்டிய சேமநிதிப் பங்கிலிருந்தும்தான் வர வேண்டும். அந்தப் பங்கைக் கட்டாமல் கையில் ரொக்கச் சம்பளம் தரும் சிறு முதலாளிகள் ஈப்போவில் எத்தனையோ பேர். ஆளுக்கொரு முதலீட்டுச் செயலி பரப்பும் முன்னால், அவர்கள் மீது புகார் எழுதத் தொழிலாளிக்குக் கைகொடுக்கும் ஒரு மேசையை நம் சங்கங்கள் புந்தோங்கில் போட்டால், அதனால் சேரும் பணம் எந்தச் செயலி சேர்ப்பதையும் விட அதிகமாக இருக்கும்.